முற்றத்து ஆமைக்குஞ்சுக்கு

செட்டிநாட்டு வீட்டில் முறையான பதிவுடன் ஆப்பிரிக்க சல்கேட்டா ஆமைக்குஞ்சை வளர்ப்போர், வழுவழுப்பான ஆத்தங்குடிக் கல் தளத்தில் அதை நடக்கவிடாமல், காலை வெயில் விழும் முற்றத்தின் ஒரு மூலையில் மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்து பரப்பி, பாதி இடத்திற்கு நிழல் தந்து, காகமும் பூனையும் எட்டாதபடி கம்பி வலையால் மூட வேண்டும். (நம் நாட்டு நட்சத்திர ஆமையை வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.)

உணவில் பெரும்பங்கு அறுகம்புல்லாகவே இருக்கட்டும். செம்பருத்தி இலை, பூ, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி ஆகியவற்றையும் சேர்க்கலாம். அன்பு மிகுதியால் சோறோ பருப்போ பழமோ ஊட்ட வேண்டாம். கால்சியத்திற்குக் கணவாய் ஓட்டைத் துருவித் தூவலாம்.

ஓடு மேடு மேடாகப் புடைப்பதற்கு வறட்சியே முக்கியக் காரணம் என்பதால், நாள்தோறும் 15 நிமிடம், தாடை மூழ்காத அளவு வெதுவெதுப்பான நீரில் குஞ்சை ஊறவிடுவதை நம் கோடையில் ஒருநாளும் தவறவிடாதீர்கள்.