பாட்டு கேட்டே இங்கிலீஷ் இலக்கணம் பிடிக்கலாம்

முதலில் மெதுவான பாட்டாக ஒன்றை எடுங்கள், ராப் இப்போதைக்கு வேண்டாம். வரிகளைப் பார்க்காமல் இரண்டு தடவை கேட்டு, காதில் விழுந்ததைத் தப்போ சரியோ நோட்டில் எழுதிவிட்டு, அப்புறம்தான் வரிகளைத் திறந்து ஒப்பிட வேண்டும். காது எங்கே ஏமாந்ததோ அங்கேதான் நீங்கள் கற்க வேண்டியது இருக்கிறது.

அமெரிக்கப் பாடகி பியான்சேயின் 2008 பாடல் 'இஃப் ஐ வேர் எ பாய்' தலைப்பிலேயே ஒரு முழுப் பாடம் வைத்திருக்கிறது. 'ஐ'க்கு 'வாஸ்' தானே வரும், இங்கே ஏன் 'வேர்'? நிஜத்தில் இல்லாததைக் கற்பனை செய்கிறார், அதனால். தமிழில் 'நான் பையனாக இருந்தால்' என்றால் கற்பனையா இல்லையா என்பது பேச்சின் போக்கில்தான் புரியும், ஆங்கிலத்தில் வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். மறுபாதியில் பெரும்பாலும் 'வுட்' அல்லது 'குட்' வரும். அதே அச்சில் 'இஃப் ஐ வேர் ரிச், ஐ வுட் பை எ ஹவுஸ்' என்று சொந்தமாக ஐந்து வாக்கியம் எழுதிப் பாருங்கள், மறக்கவே மறக்காது.

சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், வரியோடு எழுதுங்கள். 'மிஸ்' என்றால் பஸ்ஸைத் தவறவிடுவதும் உண்டு, ஒருவரை நினைத்து ஏங்குவதும் உண்டு. எது என்று வரிதான் சொல்லும். பாட்டுக்கு ஐந்து சொல் போதும்.

ஒரு எச்சரிக்கை: பாட்டில் இலக்கணம் வளையும். பீட்டில்ஸ் இசைக்குழுவின் 'டிக்கெட் டு ரைட்' பாட்டில் 'ஷி டோன்ட்' என்று வரும், பரீட்சையில் 'ஷி டஸன்ட்' என்றே எழுதுங்கள். 'கானா' (கோயிங் டு), 'வான்னா' (வான்ட் டு) மாதிரி சுருக்கங்கள் எல்லாம் பேச்சுக்கு மட்டும்.