களிமண் வெறும் சுமைதாங்கி அல்ல: டீசல் வினையூக்கியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாவர எண்ணெயிலும் பொரித்து மிஞ்சிய எண்ணெயிலும் உள்ள ஆக்சிஜனை ஹைட்ரஜன் கொண்டு நீக்கினால், டீசலாக எரியக்கூடிய நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்கள் கிடைக்கும். செபியோலைட், பாலிகோர்ஸ்கைட், ஹாலோசைட், பென்டோனைட், மோர்டனைட் போன்ற இயற்கைத் தாதுக்களைத் தாங்கியாக்கி, அவற்றின்மேல் நிக்கலை ஏற்றினால் இந்த வேலையை விலை குறைந்த வினையூக்கியே செய்யும். ஆய்வகங்களில் பெரும்பாலும் 300 முதல் 330 டிகிரி செல்சியஸ், 40 பார் அளவில் ஓட்டுவார்கள். கசியும் வால்வு, தவறாக ஒட்டிய லேபிள் போன்றவை ஒருமுறை பட்டால் தானே திருந்திவிடும். ஆண்டுக்கு ஆண்டு புதியவர்கள் மாறாமல் செய்யும் தவறுகள் வேறு.

ஈரத்தோடு எடை போடுவது

20 சதவீத நிக்கல் உள்ள 10 கிராம் வினையூக்கிக்கு 2 கிராம் நிக்கலும் 8 கிராம் தாதுவும் தேவை. 10 கிராம் தாதுவில் 2 கிராம் நிக்கலை ஏற்றினால் கிடைப்பது 16.7 சதவீதம்தான். 2 கிராம் நிக்கலுக்கு ஆறு நீர் மூலக்கூறு கொண்ட நிக்கல் நைட்ரேட் 9.91 கிராம் வேண்டும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். களிமண்ணும் தன் பங்குக்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். தாதுவை 110 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலத்தில்) ஆறவைத்த பிறகே தராசில் வையுங்கள்.

அமிலத்தில் கழுவிவிட்டுக் குளோரைடை மறப்பது

கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் போட்டுப் பாருங்கள்; வெண்மை தெரிந்தால் குளோரைடு இன்னும் இருக்கிறது, கழுவல் முடியவில்லை.

அலுமினாவுக்கான சூட்டைக் களிமண்ணுக்கும் கொடுப்பது

எல்லாவற்றிலும் அதிக இழப்பு இதில்தான். பார்க்கும்போதெல்லாம் எரிச்சலூட்டுவதும் இதுதான், ஏனென்றால் ஒரே ஒரு சோதனையில் தவிர்க்கக்கூடிய தவறு இது. அலுமினாவுக்கோ சிலிக்காவுக்கோ எழுதிய செய்முறையை எடுத்து, தாங்கியின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, 600 டிகிரி கால்சினேஷன் (காற்றில் சுடுவது), 400 டிகிரி ரெடக்ஷன் (ஹைட்ரஜனில் ஆக்சைடை உலோகமாக்குவது) என்று ஓட்டிவிடுகிறார்கள். தூள் கறுத்து வருகிறது. கறுப்பு என்றால் நிக்கல் உலோகம் என்று எழுதி வைக்கிறார்கள். எண்ணெயை ஊற்றினால் ஒன்பது மணி நேரம் கழித்தும் உலையில் கொழுப்பு அமிலம்தான் மிஞ்சுகிறது. பழி எண்ணெய்மேல் விழுகிறது. அடுத்த இரண்டு மாதம் எண்ணெயை மாற்றுவதிலும் அழுத்தத்தைக் கூட்டுவதிலும் போகிறது.

நடந்தது வேறு. செபியோலைட்டின் உடலில் மெக்னீசியம் உண்டு, பாலிகோர்ஸ்கைட்டிலும் உண்டு. நிக்கல் அயனியும் மெக்னீசியம் அயனியும் ஏறத்தாழ ஒரே அளவு, மின்னேற்றமும் ஒன்றே. சூடு ஏறினால் நிக்கல் மெக்னீசியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்து சிலிக்கேட்டின் அங்கமாகிவிடும். யூரியா போட்டு 90 டிகிரியில் நீண்ட நேரம் வீழ்படியச் செய்யும் முறையில், சூளைக்குப் போகும் முன்பே நிக்கல் சிலிக்கேட் உருவாகத் தொடங்கும். தாங்கியோடு ஒட்டாத நிக்கல் ஆக்சைடு 300 முதல் 400 டிகிரிக்குள் ஹைட்ரஜனில் உலோகமாகும். சிலிக்கேட்டில் பூட்டிய நிக்கலுக்கு 600 டிகிரியும் அதற்கு மேலும் வேண்டியிருக்கும். 400 டிகிரியில் நிறுத்தியவர் கையில் இருப்பதில் பெரும்பகுதி உலோகமே ஆகாத நிக்கல்.

சரி, 700 டிகிரிக்கு ஏற்றிவிடலாமே என்பது அடுத்த யோசனை. அங்கே தாது தாங்காது. செபியோலைட்டின் குழாய் அமைப்பு 300 முதல் 500 டிகிரிக்குள் நீரை இழந்து மடியும். ஹாலோசைட் சுமார் 450 முதல் 550 டிகிரிக்குள் ஹைட்ராக்சிலை இழக்கும். நுண்துளைகள் போனால் நிக்கல் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும்.

அதனால் முதலில் 50 மில்லிகிராமை எடுத்து, ஹைட்ரஜனில் சீராகச் சூடேற்றும் டிபிஆர் சோதனை செய்யுங்கள். எந்த டிகிரியில் ஹைட்ரஜன் எவ்வளவு செலவாகிறது என்பதை அந்த வரைபடம் காட்டிவிடும். உயர்சூட்டு முகடு பெரிதாக இருந்தால் கால்சினேஷனை 400 டிகிரிக்கு இறக்கி, மெல்லிய படுகையாகப் பரப்பி, காற்று ஓட்டத்தில் நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் ஏற்றுங்கள். ரெடக்ஷனையும் அதே நிதானத்தில் செய்யுங்கள். ஆக்சைடில் உள்ள 2 கிராம் நிக்கல் உலோகமாக மாறும்போது சுமார் 0.6 கிராம் நீர் வெளியேறும். அந்த நீராவி படுகையில் தேங்கினாலும் துகள்கள் பெருக்கும். ஹைட்ரஜன் ஓட்டத்தில் கஞ்சத்தனம் கூடாது. கடைசியில் எந்தப் படிகம் இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரே விளிம்புவளைவில் பாருங்கள். தாமிரக் கதிரில் நிக்கல் உலோகம் 44.5, 51.8 டிகிரியிலும், ஆக்சைடு 37.2, 43.3 டிகிரியிலும் கோடு காட்டும். தூளின் நிறம் இதற்குச் சாட்சியாகாது.

ரெடக்ஷன் முடிந்ததும் காற்றில் திறப்பது

நுண்ணிய நிக்கல் காற்றுப் பட்டால் கனன்று எரியலாம். எரியாவிட்டாலும் மேற்பரப்பு மறுபடி ஆக்சைடாகிவிடும். உலைக்குள்ளேயே ரெடக்ஷன் செய்வது சிறந்தது. முடியாவிட்டால் நைட்ரஜன் மூட்டத்தில் அப்படியே டோடெக்கேன் என்ற நீர்ம ஹைட்ரோகார்பனில் இறக்குங்கள். அதுவும் இயலாதபோது 1 சதவீத ஆக்சிஜன் கலந்த நைட்ரஜனை அறைவெப்பத்தில் செலுத்தி மேல்தோலை மட்டும் ஆக்சைடாக்கி, உலையில் எண்ணெய் சேர்க்கும் முன் 300 டிகிரியில் ஹைட்ரஜன் கொடுத்து அந்தத் தோலை உரியுங்கள்.

எண்ணெயை வடிகட்டினால் போதும் என்பது

பாஸ்பரஸ், சோடியம், கால்சியம் வடிகட்டியில் நிற்காது. பசை நீக்குங்கள், அதாவது எண்ணெயில் கரைந்திருக்கும் பாஸ்பரஸ் சேர்ந்த பசைப்பொருளைப் பிரித்தெடுங்கள்.

95 சதவீத விளைச்சல் என்று எழுதுவது

மூன்று ஸ்டியரிக் அமிலச் சங்கிலி கொண்ட கொழுப்பான டிரைஸ்டியரின் ஒரு மோல் 891 கிராம். ஆக்சிஜன் முழுவதும் நீராகப் போனால் மூன்று மோல் ஆக்டாடெக்கேன், அதாவது எடையில் 85.6 சதவீதம். ஒவ்வொரு சங்கிலியும் ஒரு கார்பனை இழந்து ஹெப்டாடெக்கேன் ஆனால் 80.9 சதவீதம். நிக்கலில் பெரும்பாலும் இந்த இரண்டாம் வழிதான். உலையிலிருந்து 95 சதவீத நீர்மம் வந்தால் அதில் ஆக்சிஜன் இன்னும் இருக்கிறது என்று பொருள். கலவையை ஆவியாக்கிப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமடோகிராமில் அது தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு: ஸ்டியரில் ஸ்டியரேட் போன்ற 36 கார்பன் எஸ்டர்களும் மாறாத கொழுப்பும் சாதாரண காலத்தில் வெளியே வருவதே இல்லை. வெளிவந்த முகடுகளை மட்டும் கூட்டி நூறாக்கினால் ஹைட்ரோகார்பன் அமோகமாகத் தெரியும். இன்டர்னல் ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த ஒப்பீட்டுப் பொருள்) சேருங்கள், அமிலங்களை எளிதில் ஆவியாகும்படி சிலைல் தொகுதி ஏற்றி அளவிடுங்கள், மிஞ்சிய அமிலத்தைக் காட்டும் அமில எண்ணையும் பாருங்கள். ஆக்டாடெக்கேன் 28 டிகிரியில் உறையும் என்பதையும் மறக்க வேண்டாம். ஐசோமராக்கம் (நேர்ச்சங்கிலியைக் கிளைச்சங்கிலியாக்குவது) செய்யாத நீர்மத்தைக் குளிரில் டீசலாக ஓட்ட முடியாது.

உலையை அப்படியே ஆறவிடுவது

கார்பன் போகும் வழியில் கார்பன் மோனாக்சைடு வரும். 200 டிகிரிக்குக் கீழே அது நிக்கலோடு சேர்ந்து நிக்கல் கார்பனைல் ஆகலாம். அது மிகக் கொடிய நஞ்சு. சூட்டில் அழுத்தத்தைத் திறந்துவிடுவதும் சரியல்ல. ஹெப்டாடெக்கேனின் கொதிநிலை 302 டிகிரி என்பதால் நீர்மம் கொதித்துக் குழாய்க்குள் ஏறும். அழுத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு புது ஹைட்ரஜனை ஓட்டி உள்வாயுவை வெளியேற்றுங்கள். வெளிவாயு முழுவதும் புகைபோக்கி அறைக்குள் போக வேண்டும். அதில் கார்பன் மோனாக்சைடு 10 பிபிஎம்முக்குக் கீழே வந்ததை மீட்டரில் பார்த்த பிறகே சூட்டை இறக்குங்கள்.