தள்ளினால்தான் ஓடுமா? விசைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிறீர்கள். விரலை விட்டுப் பிரிந்து, பலகையின் நடுவே வழுக்கிக்கொண்டு போகிறது. அந்த நேரத்தில் அதை முன்னால் தள்ளுவது எது? வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: “சுண்டிய விசை.” சரியான பதில், எதுவுமே இல்லை.

விரல் பிரிந்ததுமே விரலின் விசை முடிந்துபோனது. ஸ்ட்ரைக்கரிடம் மிச்சமிருப்பது வேகம் மட்டும். விசையை யாரும் மடியில் கட்டிக்கொண்டு போக முடியாது. பலகையோடு உரசுவதால் வரும் உராய்வு அதைப் பின்னுக்கு இழுக்கிறது, அதனால் நிற்கிறது. போரிக் பவுடர் தூவினால் கூடுதல் தூரம் ஓடுமே, பவுடரா தள்ளியது? தடை குறைந்தது, அவ்வளவுதான்.

தடையே இல்லாவிட்டால்? 1977-ல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் இன்றும் நொடிக்குச் சுமார் 17 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. முன்னால் தள்ள எந்த எஞ்சினும் ஓடவில்லை. ஆன்டெனாவைப் பூமியை நோக்கித் திருப்பி வைக்கத்தான் அவ்வப்போது சின்ன உந்துபொறிகள் வேலை செய்கின்றன. விசை வேகத்தைத் தருவதாக நினைப்பதுதான் மூலத் தவறு. விசை வேகத்தை மாற்றுகிறது. கூட்டும், குறைக்கும், திசை திருப்பும். அரிஸ்டாட்டிலே சறுக்கிய இடம் இது. 1687-ல் நியூட்டன் விதியாக எழுதி வைக்கும்வரை ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் அந்தக் கருத்துக்குச் செல்வாக்கு இருந்தது. அதனால் உங்கள் பிள்ளை தப்பாகச் சொன்னால் திட்டாதீர்கள்.

படம் வரைந்து விசைகளை அம்புக்குறியால் காட்டும்போது ஒரு சோதனை உதவும். ஒவ்வொரு அம்பையும் பார்த்து, “இதைத் தருவது எந்தப் பொருள்?” என்று கேளுங்கள். பூமி, பலகை, கயிறு, காற்று என்று பெயர் சொல்ல முடியாவிட்டால் அந்த அம்பை அழித்துவிடலாம். மேலே எறிந்த பந்துக்கு மேல்நோக்கி ஓர் அம்பு போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். கையை விட்ட பந்தின்மேல், காற்றை ஒதுக்கிவிட்டால், பூமியின் ஈர்ப்பு ஒன்றே உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் கீழ்நோக்கியே. உச்சியில் வேகம் சுழியம், சரி. முடுக்கமும், அதாவது வேகம் மாறும் வீதமும், சுழியம் என்று எழுதினால் பந்து அங்கேயே அந்தரத்தில் தொங்கவேண்டியதுதான். அங்கேயும் முடுக்கம் 9.8 மீ/வி² தான்.

அடுத்தது பஸ். டிரைவர் சடாரென்று பிரேக் போட்டதும், “யாரோ பிடித்துத் தள்ளின மாதிரி இருந்தது” என்போம். யாரும் தள்ளவில்லை. பஸ் நிதானித்தது, நம் உடம்பு பழைய வேகத்திலேயே போகப் பார்த்தது. இதைத் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு, காரில் குழந்தையை மடியில் வைத்து, “நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்” என்பவர்கள் நிறைய. கணக்குப் போடுவோம். கார் 50 கி.மீ. வேகத்தில் போய் மோதி, பத்தில் ஒரு நொடிக்குள் நிற்கிறது. மடியில் இருக்கும் 10 கிலோ குழந்தையையும் அதற்குள் நிறுத்த வேண்டும். தேவைப்படும் விசை ஏறக்குறைய 1,400 நியூட்டன், அதாவது 140 கிலோ மூட்டையைத் தூக்கும் பலம். எந்தத் தாயின் கையாலும் முடியாது. அதற்குத்தான் குழந்தைக்கென்று தனி இருக்கையும் பெல்ட்டும்.

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியைக் கேட்டதும் கெட்டிக்காரப் பிள்ளைகள் மடக்குவார்கள்: “மாடு வண்டியை இழுக்கிறது, வண்டியும் அதே அளவு மாட்டைப் பின்னால் இழுக்கிறது. இரண்டும் கழிந்துபோனால் வண்டி எப்படி நகரும்?” நல்ல கேள்வி. ஒன்று வண்டியின்மேல், மற்றது மாட்டின்மேல். வேறு வேறு பொருள்மேல் இருப்பதை எப்படிக் கழிப்பது? உங்கள் கடனையும் பக்கத்து வீட்டார் சேமிப்பையும் கூட்டிக் கணக்கு முடிக்க முடியுமா? வண்டியை மட்டும் பாருங்கள்: மாட்டின் இழுப்பு சக்கரத்தின் தடையை விட அதிகமானால் அது நகரத் தொடங்கும். மாடு? குளம்பால் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறது, தரை மாட்டை முன்னுக்குத் தள்ளுகிறது. சேற்றில் பிடிப்பு குறைவு, தரையை அவ்வளவு தள்ள முடியாது, தரையும் அந்த அளவுக்குத் திருப்பித் தள்ளாது. அதனால்தான் மாடு வழுக்குகிறது.

உராய்வு எப்போதும் எதிரி என்ற நினைப்பும் இங்கேயே அடிபட்டுப்போகிறது. பாசி படிந்த கிணற்றடியில் நடந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

கனமானது முதலில் விழும் என்பதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1971-ல் அப்போலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் சேர்ந்தே தரை தொட்டன. இங்கே இறகு மிதந்து வருவது காற்றின் வேலை.

கடைசியாக, வண்டி ஓட்டுகிறவர்கள் செய்யும் தவறு: வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரமும் இரண்டு மடங்கு என்று மனக்கணக்குப் போடுவது. பிரேக், ஒவ்வொரு நொடியிலும் வேகத்தை நொடிக்கு 5 மீட்டர் குறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தபின் சுமார் 12 மீட்டரில் நிற்கும். 80-ல் 24 அல்ல, சுமார் 49 மீட்டர். முன்னால் மாட்டைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆனால், அதற்குள் இன்னும் 22 மீட்டர் ஓடியிருக்கும். மழையில் டயர் பிடிப்பு குறைந்தால் இந்த 71 மீட்டரும் போதாது.