தலையை ஊதிப் பெரிதாக்குவது எப்படி? மெலியெஸ் வழியில் மூன்று வித்தைகள்

பாரிஸில் ராபர்ட்-ஊதேன் என்ற மாயாஜால அரங்கை 1888-இல் வாங்கி நடத்திவந்தவர் ஜார்ஜ் மெலியெஸ். 1895 டிசம்பர் 28 அன்று லூமியேர் சகோதரர்களின் படக்காட்சியைப் பார்த்ததும் அந்தக் கருவியை விலைக்குக் கேட்டார்; தர மறுத்துவிட்டார்கள். லண்டனில் ராபர்ட் பாலிடம் ஒரு புரொஜெக்டரை வாங்கி, அதன் உள்ளமைப்பை மாற்றிக் கேமராவாக்கிக்கொண்டார். பிறகு 500-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். அவருடைய மூன்று வித்தைகளை வீட்டுக் கூடத்திலேயே செய்யலாம். செல்போன், ஆடாத ஸ்டாண்ட், ஐந்து மீட்டர் கறுப்பு வெல்வெட், இரண்டு எல்இடி விளக்கு, படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தெரிந்த எடிட்டிங் ஆப் ஆகியவை போதும்.

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். மெலியெஸ் கேமராவை அரங்கின் முன்வரிசைப் பார்வையாளரைப் போல ஒரே இடத்தில் உட்கார வைத்தார். அது மயிரிழை நகர்ந்தாலும் வித்தை அம்பலம். அதனால் ஸ்டாண்டின் நடுத்தண்டில் மூன்று கிலோ அரிசிப் பையைத் தொங்கவிடுங்கள். போனில் ஸ்டெபிலைசேஷனை (ஆட்டத்தைத் தானே சரிசெய்யும் வசதியை) அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஆளின் அசைவைக் கேமராவின் அசைவு என்று நினைத்து ஃப்ரேமை இழுக்கும். ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வைட் பேலன்ஸ் (நிறத் தொனி) மூன்றையும் லாக் செய்யுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள், இல்லாவிட்டால் விளக்கு துடிக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். முடியும் துணியும் பறப்பது ஒருபுறம், இறக்கையின் நிழல் சுவரில் ஓடுவதுதான் பெரிய தலைவலி.

வெயிலை நம்பி எடுக்க வேண்டாம். 1897-இல் பாரிஸை அடுத்த மோந்த்ரேயில் மெலியெஸ் கட்டிய ஸ்டூடியோ கண்ணாடி வீடு; பகல் வெளிச்சம்தான் அவருக்கு விளக்கு. சூரியன் நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகரும். இரண்டு டேக்குக்கு நடுவே அரை மணி நேரம் போனால் நிழல் இடம் மாறி வெட்டு தெரிந்துவிடும்.

மறைதல்

புராணப் படங்களில் கடவுள் வரம் கொடுத்துவிட்டு மறைவாரே, அதன் மூத்த வடிவம் இது. 1895-இலேயே எடிசன் நிறுவனத்தார் தலையை வெட்டும் காட்சி ஒன்றுக்கு இதைச் செய்திருந்தார்கள். 1896-இல் மெலியெஸ் நாற்காலியில் ஒரு பெண்ணை உட்கார வைத்து, துணியால் மூடி, மறையச் செய்தார். நாற்காலிக்கு அடியில் முதலில் செய்தித்தாளை விரிப்பார். தரையில் பொறிக்கதவு இல்லை என்று காட்டத்தான்! மேடை ரசிகரின் சந்தேகத்துக்கு மேடையிலேயே பதில் சொல்லிவிட்டு, வித்தையைக் கேமராவுக்குள் வைத்துக்கொண்டார்.

செய்முறை எளிது. ரெக்கார்டிங் ஓடிக்கொண்டே இருக்கட்டும். நிறுத்தப் போனைத் தொட்டால் ஃப்ரேம் நகரும். மறைய வேண்டியவர் தவிர எல்லோரும் “நில்” என்றதும் உறைய வேண்டும். தரையில் கால்விரல் நுனிக்குச் சாக்பீஸ் கோடு போடுங்கள். ஆனால் கால் அல்ல, கைதான் காட்டிக்கொடுக்கும். மூச்சு வாங்கும்போது தூக்கிய கை ஓர் அங்குலம் இறங்கிவிடும், அதனால் முழங்கையை இடுப்பில் ஊன்றச் சொல்லுங்கள். ஆள் போனதும் மூன்று எண்ணி “ஆரம்பி” சொல்லுங்கள்.

எடிட்டில் நடுப்பகுதியை வெட்டும்போது, அசையாமல் நிற்கிற ஃப்ரேமில் வெட்டாதீர்கள். கை வேகமாக வீசும் ஃப்ரேமில் வெட்டினால் கண் அந்த வீச்சைப் பின்தொடர்ந்து தாவலை விட்டுவிடும். பாரிஸ் ஓப்பரா சதுக்கத்தில் கேமரா சிக்கி நின்றபோது பஸ் ஒன்று சவ வண்டியாக மாறியது என்றும், வித்தை அப்படித்தான் பிறந்தது என்றும் மெலியெஸ் சொல்லியிருக்கிறார். ஆனால் எஞ்சிய பிரதிகளில், வித்தை நடக்கும் இடத்திலேயே ஃபிலிம் வெட்டி ஒட்டிய தடம் இருக்கிறது. கைப்பிடி சுழன்று வேகம் பிடிக்கும்வரை ஃபிலிமில் வெளிச்சம் அதிகம் விழும், அந்த ஃப்ரேம்களை அவர் விட்டுவைக்க முடியாது.

புகை வேண்டுமென்றால் சாம்பிராணி ஆகாது. அது அறையிலேயே மிதந்து, வெட்டில் ஒரு துள்ளு துள்ளும். முகப் பவுடரை ஒரு கைப்பிடி எடுத்து, வெட்டுக்குப் பிந்தைய பகுதியின் முதல் நொடியில் வீசுங்கள்.

ஒருவரே ஏழு பேர்

1900-இல் வந்த ஒரு படத்தில் ஏழு நாற்காலிகளில் ஏழு மெலியெஸ்கள் வாத்தியம் வாசிப்பார்கள். ஒரே நெகட்டிவை மறுபடி மறுபடி பின்னால் சுற்றி, கறுப்புப் பின்னணிக்கு முன் ஒவ்வொருவராகப் பதித்தார். ஏழாவது முறை கை தவறினால் முந்தைய ஆறும் குப்பைக்குத்தான். உங்களுக்கு அந்தப் பயம் இல்லை. ஒவ்வொரு நாற்காலிக்கும் தனி டேக் எடுத்து, எடிட்டில் மாஸ்க் போட்டு, அதாவது வேண்டிய பகுதியை மட்டும் விட்டு மற்றதை மறைத்து, சேர்க்கலாம். 1940-இல் ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்த காலத்திலிருந்து நமக்குப் பழகிய சங்கதி.

முதல் முறைக்கு மூன்று நாற்காலி போதும். நடுவே இரண்டு சாண் இடைவெளி விடுங்கள்; அதைத் தாண்டி நீளும் கையை மாஸ்க் நறுக்கிவிடும். நிழலும் எல்லை தாண்டக் கூடாது, விளக்குகளை உயரத்தில் வையுங்கள். நேரம் பிசகாமலிருக்க, ஒன்று முதல் முப்பதுவரை எண்ணும் ஒலியைப் பதிந்து ஒவ்வொரு டேக்கிலும் ஓடவிடுங்கள்: 7-இல் வலப்பக்கம் திரும்பு, 12-இல் சிரி என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து ‘தான்’ இருக்கும் இடத்தில், கண் உயரத்துக்கு ஒரு துடைப்பத்தை நிறுத்தினால் பார்வை சரியாக விழும்.

தலையை ஊதுதல்

1901-இல் எடுத்த படம். மேசைமேல் இருக்கும் தலையைத் துருத்தி வைத்து ஊத ஊத அது பெருக்கும். கேமராவை முன்னால் நகர்த்தவில்லை. தலைக்குரியவரை ஒரு சிறு வண்டியில் வைத்துக் கேமராவை நோக்கி இழுத்தார்கள், அதுவும் சரிவுப் பலகையில். ஏன் சரிவு? தரைமட்டத்தில் இழுத்தால் ஆள் கிட்டே வரவரக் கழுத்து ஃப்ரேமில் கீழே இறங்கி மேசைக்குள் போய்விடும்.

கணக்கு இதுதான். 12 அடி தொலைவில் கழுத்து லென்ஸைவிட 2 அடி தாழ்வாக இருந்தால், 6 அடிக்கு வரும்போது 1 அடி தாழ்வாக இருக்க வேண்டும். அதாவது 6 அடி ஓட்டத்தில் 1 அடி ஏற்றம். சரிவுக்கோடு நேராக லென்ஸை நோக்கிப் போகிறது. வண்டியில் சம்மணமிட்டு உட்காரும்போது கழுத்து இரண்டரை அடி உயரம் என்றால் லென்ஸ் நாலரை அடியில். சுழல் நாற்காலி வேண்டாம், கவிழும். நாலு சக்கரப் பலகையைக் கயிற்றால் ஒருவர் இழுக்க, கறுப்பு உடையில் இன்னொருவர் பின்னால் தாங்கட்டும்.

தொலைவு பாதியானால் தலை இரட்டிப்பாகும், ஆனால் சீராக அல்ல: முதல் 3 அடியில் மூன்றில் ஒரு பங்குதான் பெருக்கும், மீதி முழுக்கக் கடைசி 3 அடியில். சீராக ஊத வேண்டுமானால் முதல் பாதியை 2 நொடியிலும் பின்பாதியை 4 நொடியிலும் இழுங்கள். ஆப்பிலேயே தலையைப் பெரிதாக்கலாமே என்றால், ஆக்கலாம். ஆனால் மூக்கு முன்னால் துருத்திக்கொண்டு வரும் அந்த அழகு கிடைக்காது.

கழுத்துக்குக் கீழே, பின்னால், எல்லாம் வெல்வெட். சாதாரணக் கறுப்புத் துணி ஒளிபட்டால் சாம்பலாகத் தெரியும். இதை, தனியாக எடுத்த மேசைக் காட்சியின்மேல் ‘ஸ்க்ரீன்’ முறையில் வையுங்கள்; அதில் கறுப்பு மறைந்து வெளிச்சமானது மட்டும் தெரியும். மேசைக்குப் பின்னால், தலை விழும் இடமும் இருட்டாக இருக்க வேண்டும். வெள்ளைச் சுவர் என்றால் நெற்றிக்குள் சுவர் தெரியும்.

வெளியிடும்போது உங்கள் முத்திரையை ஓரத்தில் ஒட்டாதீர்கள், வெட்டி எடுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் தன் படங்களைத் திருட்டுப் பிரதி எடுத்ததால் மெலியெஸ் நட்சத்திர முத்திரையைச் செட்டுக்குள்ளேயே மாட்டி வைத்தார். 1903-இல் அண்ணன் காஸ்தோனை நியூயார்க்கில் கிளை திறக்க அனுப்பினார். டேக்குகளைத் தனித்தனியாக, இரண்டு இடத்தில் சேமியுங்கள். 1923-இல், கடன் முற்றி ஸ்டூடியோ கைவிட்டுப் போனபோது, மெலியெஸ் தன்னிடமிருந்த நெகட்டிவ்களைத் தானே கொளுத்தினார். இன்று நாம் பார்ப்பவை, அதற்கு முன்பே அவர் கையை விட்டு வெளியே போயிருந்த பிரதிகள்.