நடைபாதையில் படுத்திருப்பவருக்கு இரவில் எங்கே இடம்?

சென்னையில் நடைபாதையில் படுத்திருப்பவரைக் கண்டால், பத்து ரூபாயை வைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். வீடற்றோருக்கு மாநகராட்சியின் இலவசக் காப்பகங்கள் இருக்கின்றன. 1913 என்ற எண்ணில் அழைத்து இடத்தைச் சொல்லுங்கள். ஆண்கள், பெண்கள், மனநலம் பாதிக்கப்பட்டோர் எனத் தனித்தனியாக உண்டு. நோயாளியோடு வந்து அரசு மருத்துவமனை வாசலில் படுத்துக்கிடக்கும் உறவினர்களுக்கும் உண்டு. இது பலருக்குத் தெரிவதே இல்லை.

முதலில் அருகில் உட்கார்ந்து, "ஐயா, சாப்பிட்டீர்களா? காப்பகத்துக்கு வர விருப்பமா?" என்று கேளுங்கள். விருப்பமில்லாதவரை வண்டியில் ஏற்றுவது உதவி அன்று. மூட்டையை விட்டுவரவும் சொல்லாதீர்கள். அவருடைய சொத்து முழுவதும் அதற்குள்தான்.

முதியவர் என்றால் 14567, குழந்தை என்றால் 1098, பெண் என்றால் 181, காயமோ மயக்கமோ என்றால் 108 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

மனநலம் பாதித்து அலைபவரைக் கல்லெறிந்து விரட்டுவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தம்மைக் கவனித்துக்கொள்ள இயலாத அத்தகையவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது காவல் நிலையத்தின் கடமை. லாக்கப்பில் அடைக்கக் கூடாது. இதைக் காவல் நிலையத்தில் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.