பாபேல் கோபுரக் கதையைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் 11ஆம் அதிகாரத்தில் பாபேல் கதை மொத்தமே ஒன்பது வசனங்கள்தான். நாம் சொல்லும்போதோ அதில் இல்லாதது நிறைய வந்து ஒட்டிக்கொள்கிறது.

முதலில், கோபுரத்தை இடித்துவிடாதீர்கள். கடவுள் பேச்சைத் தாறுமாறாக்கி ஜனங்களைச் சிதறடிக்கிறார். அவர்கள் நகரம் கட்டுவதை விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். பெருங்காற்று கோபுரத்தைச் சாய்த்தது என்பது யூபிலி என்ற பிற்கால யூத நூலில் வருவது. நிம்ரோது என்ற அரசனைப் பற்றிச் சொல்வதும் அப்படித்தான். 10ஆம் அதிகாரம் பாபேலை அவன் ராஜ்யத்தின் தொடக்கம் என்கிறது. ஆனால் கோபுரம் கட்டத் தூண்டியவன் அவன் என்று எழுதியவர் முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ்.

பெரிய தவறு நடப்பது நோக்கத்தைச் சொல்வதில். வானத்தைப் பிடிக்கக் கட்டினார்கள், நோவா காலத்தில் வந்ததுபோல் இன்னொரு வெள்ளம் வந்தால் தப்பிக்கக் கட்டினார்கள் என்கிறோம். 4ஆம் வசனத்தில் காரணத்தை அவர்களே சொல்கிறார்கள்: பேர் வாங்க வேண்டும், பூமியெங்கும் சிதறிப்போகக் கூடாது. வெள்ளம் வடிந்ததும் நோவாவின் குடும்பத்துக்குக் கிடைத்த கட்டளையோ பூமியை நிரப்பச் சொன்னது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் முடிவு புரியும்: எதற்குப் பயந்தார்களோ அதுவே நடக்கிறது. ஆணவத்துக்குத் தண்டனை என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் கதையில் பாதி போய்விடுகிறது.

அப்புறம் படம். சண்டே ஸ்கூல் சுவர்களில் காணும் வட்டக் கோபுரம், 1563இல் பீட்டர் புரூகல் தீட்டிய ஓவியத்தின் சாயல். அவருக்கு முன்மாதிரி ரோமின் பழைய அரங்கமான கொலோசியம். கதை நடக்கும் சிநெயாரோ மெசபடோமியாவின் (இன்றைய ஈராக் பகுதி) வண்டல் சமவெளி. கட்டடக் கல் கிடைக்காத மண். அதனால்தான் 3ஆம் வசனம் கல்லுக்குப் பதில் சுட்ட செங்கல், சாந்துக்குப் பதில் நிலக்கீல் என்று நின்று சொல்கிறது. பாபிலோனில் (பாபேல் என்பது அதன் எபிரேயப் பெயர்) மர்தூக் தெய்வத்துக்கு எழுப்பிய எதெமெனன்கி என்ற அடுக்குக் கோபுரம் அந்த மண்ணின் கட்டடம்: பக்கத்துக்குச் சுமார் 91 மீட்டர் கொண்ட சதுர அடித்தளம், மேலே போகப்போகக் குறுகும் அடுக்குகள். 1899இல் ஜெர்மன் அகழாய்வாளர் ராபர்ட் கோல்டவை தொடங்கிய அகழாய்வில் அதன் அடித்தளம் வெளிவந்தது. கதைக்கு அது தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதற்காக, பைபிள் கோபுரமே கிடைத்துவிட்டது என்று பகிர்வது அதிகப்படி.

ஆதிமொழி எபிரேயம் என்றோ தமிழ் என்றோ இந்தக் கதையை வைத்து வாதாடவும் வேண்டாம். எந்த மொழி என்று வசனத்தில் இல்லை. முந்தைய 10ஆம் அதிகாரமே ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனி பாஷை என்று சொல்லிவிடுவதால், இதை மொழிகளின் காலவரிசையாகப் படிப்பதும் சரிவராது.