ஒளிச்சேர்க்கையும் செடியின் தண்ணீர்ச் செலவும்: ஆய்வுக்கு வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலைத்துளை திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே வரும். திறந்த அதே வழியில் தண்ணீர் ஆவியாகி வெளியே போகும். நெல், கோதுமை போன்ற சி3 பயிர்கள் (பிடித்த கார்பனை முதலில் மூன்று கார்பன் கொண்ட சேர்மமாக்குபவை) ஒரு மூலக்கூறு கரியமில வாயுவைப் பிடிக்க நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகளை இழக்கின்றன. இந்தக் கொடுக்கல் வாங்கலை ஆராய ஆசையோடு வருகிற மாணவர்கள், தவிர்த்திருக்கக்கூடிய பிழைகளால் ஓரிரு ஆண்டுகளைத் தொலைப்பதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

பெரிய தவறு, நீர்ப்பயன்பாட்டுத் திறனை வறட்சி தாங்கும் சக்தி என்று எடுத்துக்கொள்வது. ஒளிச்சேர்க்கை வேகத்தை இலைத்துளைக் கடத்துதிறனால் (துளைகள் வாயுவை எவ்வளவு எளிதாக விடுகின்றன என்ற அளவு) வகுத்தால் இந்தத் திறனைக் காட்டும் ஓர் எண் கிடைக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் இலையில் ஒரு நொடிக்கு, முதல் செடியின் ஒளிச்சேர்க்கை 20 மைக்ரோமோல், கடத்துதிறன் 0.30 மோல்; விகிதம் ஏறத்தாழ 67. இரண்டாவது செடியில் 12, 0.12; விகிதம் 100. இரண்டாவதுதான் 'திறமையானது' என்று எழுதிவிடுவோம். ஆனால் அது துளையை மூடிக்கொண்டு பட்டினி கிடக்கிறது. முதல் செடி வளர்கிறது. விகிதத்தை மட்டும் வெளியிடாதீர்கள்; மேலே உள்ள எண், கீழே உள்ள எண் இரண்டையும் சேர்த்தே காட்டுங்கள். விகிதம் எதனால் உயர்ந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

இதே விகிதத்தைத்தான் ஆஸ்திரேலியத் தாவர ஆய்வாளர் கிரஹாம் ஃபார்குவார் வேறு வழியில் பிடித்தார். 1980-ல் சூசன்னே ஃபான் கேமரர், ஜோசப் பெர்ரி ஆகியோருடன் ஒளிச்சேர்க்கையின் கணித மாதிரியைக் கொடுத்தவர். இலை கார்பன்-13 ஐசோடோப்பை (சற்று எடை கூடிய கார்பன் வகை) எவ்வளவு ஒதுக்குகிறது என்பது இலைக்குள் இருக்கும் கரியமில வாயுவின் செறிவைப் பொறுத்தது என்ற கோட்பாட்டை 1982-ல் சகாக்களோடு வெளியிட்டார். இலையை உலர்த்திப் பொடித்து அளந்தால், அது வளர்ந்த காலம் முழுவதற்குமான சராசரி கிடைத்துவிடும். இந்த வழியில் தேர்ந்தெடுத்த டிரைஸ்டேல் என்ற கோதுமை ரகத்தை ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ வெளியிட்டது 2002-ல். இடையில் 20 ஆண்டுகள். ஒரு கேள்வியை மூன்று ஆண்டுகளில் கைவிட்டு, அடுத்து பிரபலமாகும் தலைப்புக்குத் தாவுவது இந்தத் துறையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. இன்னொன்று: இந்த ஐசோடோப்புக் கணக்கை மக்காச்சோளத்துக்கு அப்படியே போடக்கூடாது. அது சி4 செடி; கார்பனைப் பிடிக்கும் விதமே வேறு; எண்ணுக்கு அதே பொருள் இராது.

இனி, இலையின் வாயுப் பரிமாற்றத்தை அளக்கும் கருவி. இலையைக் கவ்வியில் மாட்டியதும் திரையில் எண் ஓடும். உடனே பதிவு செய்யக் கை துடிக்கும். நிழலில் இருந்த இலைக்குத் திடீரென வலுவான ஒளி கொடுத்தால் நொதிகள் விழிக்கவும் துளைகள் திறக்கவும் 20, 30 நிமிடம்கூட ஆகலாம். நானும் ஆரம்பத்தில் இரண்டு நிமிடத்தில் பதிந்து, ஒரு காலை முழுக்க எடுத்த அளவுகளைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். மூச்சையும் கவனியுங்கள். நாம் விடும் காற்றில் சுமார் 40,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) கரியமில வாயு உண்டு. வெளிக்காற்றில் 420-க்குச் சற்று மேல்தான். காற்று உறிஞ்சும் குழாய்க்கு அருகே குனிந்து பேசினால் போதும், எண் துள்ளும். குறுகலான இலை, கவ்வியின் அறையை நிரப்பாவிட்டால் உண்மையான பரப்பை அளந்து திருத்துங்கள்; கருவி முழுப் பரப்பு என்றே நினைத்துக்கொள்ளும்.

கருவி காட்டும், இலைக்குள் இருக்கும் கரியமில வாயுவின் செறிவு நேரடி அளவு அன்று, கணக்கிட்டு வருவது. வறட்சியில் துளைகளை மூடச் சொல்லும் ஹார்மோனான அப்சிசிக் அமிலம் ஒளிச்சேர்க்கையையே நேரடியாகக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1988-ல் வந்த ஆய்வுகள் உண்மையைக் காட்டின: துளைகள் இலை முழுவதும் ஒரே சீராக மூடாமல் திட்டுத்திட்டாக மூடியிருந்தன, அதனால் கணக்கு தப்பியிருந்தது. வறட்சியில் வாடிய இலையிலும் இந்தச் சந்தேகம் உங்களுக்கு வரவேண்டும்.

தொட்டியைச் சிறிதாக எடுக்காதீர்கள். 2012-ல் ஹென்ட்ரிக் பூர்ட்டர் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தொட்டியின் கொள்ளளவு இரட்டிப்பானால் செடியின் எடை சராசரியாக 43 சதவீதம் கூடியது. சிறு தொட்டியில் நீங்கள் அளப்பது வறட்சியா, வேர் நெரிசலா என்று பிரிக்கவே முடியாது. அதேபோல ஒரே செடியின் ஐந்து இலைகள் ஐந்து செடிகள் ஆகிவிடாது.

கடைசியாக, பகலில் ஓர் இலையை அளந்துவிட்டு முழுச் செடியின் தண்ணீர்ச் செலவைச் சொல்லிவிடாதீர்கள். மண்பரப்பை மூடிவிட்டு, தொட்டியை இருட்டியதும் ஒருமுறை, விடியுமுன் ஒருமுறை தராசில் வையுங்கள். பல செடிகள் இரவிலும் துளையை முழுதாக மூடுவதில்லை. ஒளிச்சேர்க்கை துளியும் இல்லாத அந்த நேரத்தில் போன தண்ணீர் எடைக்குறைவாகத் தெரியும்.